ஐஸ் கழிவு

சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தது. எஃபிதான் முதலில் பார்த்தாள். கோடையில் தங்கும் டிரெய்லர் வீட்டைப் பின்னால் தள்ளி நிறுத்தக் கை காட்டிக்கொண்டிருந்தவள், தூக்கிய கையை இறக்காமல் நின்றாள்.

"இன்னும் வரட்டா?" வண்டி ஜன்னலிலிருந்து ஹெட்லி கத்தினான்.

"இறங்கு."

"குளத்துக்கு இன்னும் ரெண்டடி இருக்கே."

"இறங்கி வந்து பாருங்கறேன்."

வந்து சரளையில் முழங்காலிட்டான். டயரின் உள்விளிம்பு நூல் தெரியத் தேய்ந்திருந்தது. மல்லாந்து அடியில் நுழைந்தான். அச்சு நடுவில் தொய்ந்து கிடந்தது. தட்டினான். துரு செதில் செதிலாக முகத்தில் உதிர்ந்தது.

"உப்பு தின்னுருச்சு," என்றான்.

ஹெட்லிக்கு எல்லாவற்றையும் உப்புதான் தின்றது. படகின் ஆணிகளை, வண்டியின் கதவுகளை, வாசல் கைப்பிடியை, அவனுடைய முழங்கால்களை. காலமெல்லாம் நண்டும் காட் மீனும் பிடித்தவன். வேறு எதிரியை அவன் அறிந்ததில்லை.

அவர்கள் வந்து நின்ற பள்ளம், தீவின் குறுக்கே நெடுஞ்சாலை போட்டபோது சரளைக்காகத் தோண்டியது. சாலை முடிந்தது. பள்ளம் மிஞ்சியது. கோடை வந்தால் முப்பது டிரெய்லர்கள் அதில் நிற்கும். வாடகை இல்லை, குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, கேட்க ஆள் இல்லை. மே மாதம் ராணியின் பிறந்தநாள் விடுமுறையன்று யார் எங்கே வந்து நிற்கிறார்களோ, கோடை முழுக்க அந்த இடம் அவர்களுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியவனும் இல்லை. குளத்தோரம் ஹெட்லியின் இடம்.

பள்ளத்திலேயே அழகான டிரெய்லரும் அவனுடையதுதான். வெளியே பார்த்தால் ஒற்றை அச்சு, வெள்ளைத் தகரம், பழசு. உள்ளே பதினைந்து பனிக்காலமாக அவன் பைன் பலகை அடித்திருந்தான். சுவர், கூரை, கட்டிலின் கீழ்ப்பெட்டி எல்லாம். பிர்ச் மரத்தில் மேஜை. மூலையில் இரும்பு அடுப்பு. கதவைத் திறந்தால் மரப்பிசின் மணம் முகத்தில் வந்து நிற்கும். ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள்.

மூடுபனி குளத்தின் மேல் இறங்கியது. எஃபி மேட்டில் ஏறினாள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அக்காவைக் கூப்பிட்டாள்.

பிளாஞ்ச் இருந்தது, கப்பலேறி இறங்கி நாள்கணக்கில் சாலையில் போனால் வரும் சஸ்காச்சுவானில். கோதுமைக்காரனைக் கட்டிக்கொண்டு பெருநிலத்துக்குப் போனவள். புருஷன் போய்விட்டான். சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினில் படுக்கிறாள். அதை விட்டு அவளால் எங்கும் வர முடியாது. எஃபிக்குக் காதில் அறுவை நடந்திருந்தது. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாலைதான் வழி. வழியில் விடுதிக்குக் கொடுக்கப் பணமில்லை, டிரெய்லரிலேயே தங்கிக்கொண்டு போவதாகப் பனிக்காலத்தில் ஹெட்லி சம்மதித்தான். ஜூனில் வண்டியோடு ஏறும் கப்பலுக்கு இடம் வாங்கியாயிற்று. அதை விட்டால் செப்டம்பர்தான். செப்டம்பரில் பிளாஞ்ச் இருப்பாளா என்பதை இருவருமே போனில் பேசுவதில்லை.

"பள்ளத்துக்கு வந்துட்டீங்களா?" என்றாள் பிளாஞ்ச்.

"வந்துட்டோம்."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பனிமூட்டம், அக்கா," என்றாள் எஃபி.

மறுநாள் காலையில் எல்டன் வந்தான். ஹெட்லியின் தங்கை மெல்வினாவின் புருஷன். மீன் ஆலையில் லாரி எடை மேடை அவன் பொறுப்பு. மெல்வினா பின்னாலேயே எண்ணெயில் பொரித்த மாவுரொட்டித் தட்டோடு வந்தாள். நால்வரும் சாய்ந்த சக்கரத்தைச் சுற்றி நின்று, கரும்புப்பாகில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார்கள். கடிக்கும் கறுப்பு ஈக்கள் மொய்த்தன.

"இதுக்கு எதுக்கு மச்சான் அச்சு?" என்றான் எல்டன். "நாலு கட்டையை வச்சுத் தூக்கி நிறுத்து. சக்கரத்தைக் கழட்டி வீசு. பாதிப் பள்ளம் அப்படித்தானே நிக்குது."

"அப்புறம் அண்ணி அவங்க அக்காவைப் பாக்க எப்படிப் போறது? கட்டையை உருட்டிக்கிட்டா?" என்றாள் மெல்வினா.

"நான் சும்மா ஒரு யோசனை சொன்னேன், தங்கமே."

"உன் யோசனைக்குத்தான் நம்ம வீட்டுக் கூரை ஒழுகுது."

ஹெட்லி சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தான். பாகை விரலில் வழித்து நக்கினான்.

எல்டன் இன்னொரு ரொட்டி எடுத்தான். "அப்ப ஒண்ணு செய். என் கொட்டகைக்குப் பின்னால போட் டிரெய்லர் அச்சு ஒண்ணு கிடக்கு. புதுசு மாதிரி. கால்வனைஸ் போட்டது. கடல்ல முக்கி எடுத்தாலும் துரு ஏறாது. எடுத்துக்க. மூஸ் மான் அடிக்கும்போது ஒரு தொடை குடு."

ஹெட்லியின் முகம் மலர்ந்தது. பனிக்காலத்துக்குப் பிறகு எஃபி அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தாள்.

"கால்வனைஸா?"

"பளபளன்னு இருக்கும். கண்ணாடி மாதிரி அதுல பாத்து ஷேவ் பண்ணிக்கலாம்."

"அதான் வேணும். உப்பு கிட்ட வராது. நம்ம பேரைச் சொல்லிக்கிட்டு நம்மளுக்கு அப்புறமும் கிடக்கும்."

"அதுல பிரேக் இருக்கா?" என்றாள் எஃபி.

"போட்டுக்கு எதுக்கு அண்ணி பிரேக்?" என்று எல்டன் சிரித்தான். "சரிவுல இறக்கறோம். போட் மிதந்துருது. பாரம் தண்ணி தலையில."

"இது மிதக்காதே எல்டன்."

"மச்சான் ஓட்டற வேகத்துக்குப் பிரேக்கே வேணாம். நத்தை ஹாரன் அடிச்சிட்டு முந்திக்கிட்டுப் போகுது."

மெல்வினா சிரித்தாள். ஹெட்லியும் சிரித்தான். எஃபி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக் இல்லாத அச்சு வீட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும். பள்ளத்திலிருந்து வீட்டுக்குப் போகும். பெருநிலத்துச் சாலைக்கு ஆகாது, கப்பல் ஏறாது.

மேட்டில் ஏறி, கேண்டரில் இருக்கும் டிரெய்லர் கடைக்குப் போன் செய்தாள். இறங்கி வந்தபோது எல்டனும் மெல்வினாவும் போயிருந்தார்கள்.

"பிரேக் வச்ச அச்சு ஒண்ணு அவன்கிட்ட இருக்காம்," என்றாள். "மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு தாங்கும். அதுக்கு மேல வேணும்னா பெருநிலத்துலேருந்து வரணும். வர ஜூலை ஆயிடும். ரெண்டு அளவும், ஏத்தின எடையும் சொன்னாத்தான் குடுப்பானாம்."

"எடை எதுக்கு? அச்சு என்ன ஆட்டுக்கறியா?"

"டேப்பை எடு. முதல்ல அளப்போம்."

இருவரும் மல்லாந்து அடியில் படுத்தார்கள். சரளை முதுகில் குத்தியது. சக்கரம் மாட்டும் முகத்திலிருந்து மறு முகம் வரை ஓர் அளவு. பாரம் தாங்கும் இரும்பு வில்லின் நடுவிலிருந்து மறு வில்லின் நடு வரை இன்னோர் அளவு. அவள் டேப்பின் முனையைப் பிடித்தாள். அவன் படித்தான். அவள் சொல்லிச் சொல்லி மனதில் வைத்துக்கொண்டாள். அளந்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"உனக்குப் போகப் பிடிக்கல," என்றாள் எஃபி.

அவன் வளைந்த அச்சைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"ஐஸ் மலைக்கு நடுவுல, கண்ணு தெரியாத மூட்டத்துல போட் ஓட்டினவன் நீ."

"கடல் வேற."

"எப்படி வேற?"

"கடல்ல பின்னாலேருந்து எவனும் ஹாரன் அடிக்க மாட்டான்." டேப்பைச் சுருட்டினான். "அங்க ஒரே பக்கம் ஆறு வரிசை ஓடுதாம், எஃபி. இங்க என் வண்டி நின்னா அடுத்த வண்டி நிக்கும். யாரு, ஹெட்லியா, என்னாச்சுன்னு கேப்பான். அங்க என்னை யாருக்குத் தெரியும்?"

"நான் பக்கத்துல இருப்பேன். வழி சொல்லுவேன்."

"நீ வழி சொன்னா வடக்க லாப்ரடார்ல போய் நிப்போம்."

"நின்னா நிப்போம். அங்கேயும் டீ கிடைக்கும்."

அவன் சிரித்தான். சிரித்ததில் துரு வாய்க்குள் விழுந்து துப்பினான். "சரி, எடை போட்டுப் பாப்போம்," என்றான். போகலாம் என்று சொல்லவில்லை.

மீன் ஆலை அரை மணி தூரம். விளக்கு மின்னவிட்டு நடை வேகத்தில் இழுத்துப் போனார்கள். நண்டு இறங்கும் காலம். ஐஸும் நண்டுமாக ஒழுகிக்கொண்டு மூன்று லாரிகள் எடை மேடைக்கு நின்றன. வெள்ளைத் தொப்பியும் ரப்பர் ஏப்ரனுமாகப் பெண்கள் டீக்கு வெளியே வந்திருந்தார்கள். இருபது பருவம் எஃபி அவர்களோடு நின்று நண்டுக்கால் உடைத்தவள்.

"என்ன எஃபி, புருஷனை எடைக்குப் போடறியா?"

"அவனை எவன் வாங்குவான்? வீட்டைப் போடறேன்."

"கழிவு போக ஒண்ணும் தேறாதுடி!"

டிரெய்லரை மேடையில் ஏற்றி, வண்டியிலிருந்து கழற்றி, முன்காலில் நிறுத்தினார்கள். எல்டன் தன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தான். பின்னால் லாரிக்காரன் அவசரப்படுத்தினான். எல்டன் பொத்தானைத் தட்டினான். சீட்டு வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஊருக்கே கேட்கும்படி படித்தான்.

"மூவாயிரத்து நானூத்திப் பத்து!"

பெண்கள் கை தட்டினார்கள். எஃபி சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேண்டரில் இருக்கும் அச்சு போதும். ஜூலைக்குக் காத்திருக்க வேண்டாம். கப்பல் கைவிட்டுப் போகாது.

ஹெட்லி சீட்டைப் பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "நாளைக்குக் காலையில கேண்டர் போறேன்," என்றான்.

திரும்பும் வழியில்தான் அது அவளுக்கு உறைத்தது.

நண்டுக் காலத்தில் அந்த எடை மேடை முழு எடையைக் காட்டாது. லாரியில் வருவதில் பத்தில் ஒரு பங்கு ஐஸும் தண்ணீரும் என்று ஆலை கணக்கு வைத்திருந்தது. எல்டனின் பொத்தான் அதைத் தானே கழித்துவிட்டுத்தான் சீட்டு அடிக்கும். ஐஸ் கழிவு என்று அதற்குப் பெயர். எல்டன் யோசித்திருக்க மாட்டான். மேடையில் எது ஏறினாலும் அவன் விரல் அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். டிரெய்லரில் ஐஸ் இல்லை. அவன் கழித்தது அவர்களுடைய சுவரை, கட்டிலை, பானைகளை.

மனதில் கூட்டிப் பார்த்தாள். மூவாயிரத்து எண்ணூறுக்குப் பக்கம். பழைய அச்சை வளைத்தது உப்பு மட்டுமல்ல.

அவனைப் பார்த்தாள். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து ஓட்டினான். நாளைக்குப் போகிறேன் என்று அவன் வாயால் சொல்லிவிட்டான். இதைச் சொன்னால் அந்தச் சொல் கரைந்துபோகும். பெரிய அச்சு ஜூலையில் வரும். கப்பல் போய்விடும். போட் அச்சு வந்து மாட்டிக்கொள்ளும். ஊரில் எத்தனையோ வண்டிகள் முன்னூறு நானூறு பவுண்டு கூட ஏற்றிக்கொண்டு ஓடத்தானே செய்கின்றன, என்று நினைத்தாள். பிறகு, பெருநிலத்து இறக்கத்தில் பின்னால் அந்தப் பாரம் தள்ள, ஆறு வரிசைக்கு நடுவில் அவன் பிரேக்கை மிதிப்பதை நினைத்தாள். ஊரெல்லை வந்தது. பள்ளம் வந்தது. அவள் பேசவில்லை.

உப்புக்கண்டம் ஊறப்போட்டிருந்தாள். அடுப்பில் அதை ஏற்றி, முட்டைக்கோஸ், கேரட், டர்னிப், உருளைக்கிழங்கு போட்டாள். பட்டாணியைத் துணியில் கட்டி அதே பானையில் தொங்கவிட்டாள். பலகைச் சுவர் வியர்த்தது. ஹெட்லி பிர்ச் மேஜையில் தட்டு எடுத்து வைத்தான். சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அவள் பட்டாணியைப் பிசைந்தாள். வெண்ணெய் போட்டாள். இன்னும் பிசைந்தாள்.

"அது செத்துப்போச்சு, விட்டுடு," என்றான்.

"ஹெட்லி, எல்டன் ஐஸைக் கழிச்சிட்டான்."

அவன் இறைச்சியை மென்றான். விழுங்கினான்.

"தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"காலமெல்லாம் பத்துல ஒண்ணை எங்கிட்டேருந்து புடுங்கினது அந்தப் பொத்தான். அது விழற சத்தம் தூக்கத்துல கேட்டாலும் எனக்குத் தெரியும். இன்னிக்குத்தான் முதல் தடவையா அதைத் திட்டல."

"ஏன் அங்கேயே சொல்லல?"

"நீ சிரிச்ச."

எஃபி கரண்டியை வைத்தாள்.

"நம்பர் வந்ததும் சிரிச்ச. அதுக்குள்ள போய் எப்படிச் சொல்லுவேன்?" அவன் உருளைக்கிழங்கை வெட்டினான். "நீ ஏன் வழியெல்லாம் வாயை மூடிட்டு வந்த?"

"நீ போறேன்னு சொன்ன. அதுக்குள்ள போய் எப்படிச் சொல்லுவேன்?"

குளத்தில் ஏதோ நீர்ப்பறவை கூவியது. இருவரும் சாப்பிட்டார்கள்.

"பாரத்தைக் கூட ஏத்திக்கிட்டு உன்னைப் பெருநிலத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்னு நினைச்சியா?" என்றான் பிறகு.

"இல்ல. நீ போட் அச்சுக்குப் போயிருவேன்னு நினைச்சேன்."

"அதையும் நினைச்சேன். பொய் எதுக்கு." அவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். மேஜையின் விளிம்பைக் கட்டை விரலால் தடவினான். "அந்தச் சீட்டுல இருக்கற நம்பர் நல்ல நம்பர்தான், எஃபி. அதுக்குக் கீழ வீட்டைக் கொண்டு வந்துட்டாப் போச்சு."

"என்ன சொல்ற?"

"ஆறுது, சாப்பிடு."

காலையில் அவள் விழித்தது ஆணி பிடுங்கும் சத்தத்தில். ஹெட்லி கடப்பாரையோடு உள்கூரையில் வேலை செய்துகொண்டிருந்தான். முதல் பலகை வர மறுத்தது. விளிம்பில் நாக்கும் பள்ளமுமாக ஒன்றோடொன்று கோத்தவை. கழற்ற வேண்டும் என்று நினைத்து அவன் அடிக்கவில்லை. இரண்டாவது பலகை பிளந்தே வந்தது. அதற்குப் பிறகு அவன் பக்குவமாக எடுத்தான்.

"ஹெட்லி, அடுப்பை மட்டும் எடுத்தாப் போதாதா?"

"அடுப்பு நூத்தம்பது பவுண்டுதான். பத்தாது."

"மேஜை?"

"மேஜையும்தான்."

அவள் கட்டிலிலிருந்து இறங்கினாள். ஆணிகளைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். பலகைகளை வெளியே தூக்கிப் போனாள். எல்டன் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"பைத்தியம் புடிச்சிருச்சா மச்சான்? கரையானா?"

"நீ நேத்து பாதியில விட்ட கணக்கை முடிக்கிறேன்."

எல்டனுக்கு அப்போதுதான் புரிந்தது. தலையில் கை வைத்தான். "ஐயோ மக்கா. என் விரலை வெட்டணும்."

"வெட்டாத. சட்டையைக் கழட்டு. அடுப்புக்கு ரெண்டு ஆள் வேணும்."

ஆலைக்குத் தாமதமாகத்தான் போனான் எல்டன். அடுப்பைத் தூக்கும்போது அவன் திட்டாத தெய்வம் இல்லை. மெல்வினா வந்து பலகைகளை நீளம் பார்த்து அடுக்கினாள். மேலே தார்ப்பாய் போர்த்தினாள்.

"இது இங்கேயே நிக்கட்டும், அண்ணே. எவனாவது உங்க இடத்துல வந்து நின்னான்னா எங்கிட்ட வரட்டும்."

"டிரெய்லர் நின்னாத்தான் இடம்," என்றான் ஹெட்லி.

"பலகையெல்லாம் இங்க. அடுப்பு இங்க. மேஜை இங்க. அங்க போறது வெறும் தகரம். எதுண்ணே டிரெய்லர்?"

பள்ளத்தில் அதை யாரும் மறுக்கவில்லை.

பலகைகளுக்குப் பின்னால் டிரெய்லர் செய்தவனின் சுவர் இருந்தது. அட்டை போல மெலிசு. மஞ்சள் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. பதினைந்து வருடம் வெயில் படாததால் பூக்கள் கடையில் வாங்கிய அன்று போலவே இருந்தன. ஆணித்துளைகள் எங்கும்.

கேண்டரிலிருந்து அச்சு வந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்தது. இரண்டு முனையிலும் பிரேக். உப்பு பட்டால் துரு ஏறத்தான் செய்யும். அதை இறக்கும்போது ஹெட்லி முகம் சுளித்தான். பிறகு கிரீஸ் டப்பாவைத் திறந்து, முனை முதல் முனை வரை கையாலேயே பூசினான். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல.

மறுபடியும் எடை மேடைக்கு இழுத்துப் போனார்கள். எல்டன் பொத்தான் எதையும் தொடாமல், இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு படித்தான். மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம். முழு எடை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எஃபி அக்காவுக்குப் போன் செய்தாள். மூட்டம் விலகியிருந்தது. காலையில் கிளம்ப டிரெய்லரை மேட்டில் ஏற்றி நிறுத்தியிருந்ததால், வாசலிலேயே சிக்னல் கிடைத்தது. ஹெட்லி கீழே உட்கார்ந்து சக்கரத் திருகுகளை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கப்பல், அக்கா."

பிளாஞ்ச் தேதியை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு, "அந்தப் பலகை வீட்டோடதானே வரீங்க?" என்றாள். "மெல்வினா அனுப்பின படம் என் போன்ல இருக்கு. மிஷின்ல படுத்துக்கிட்டு நர்ஸுங்களுக்குக் காட்டுவேன். பைன் மரமாமே. வந்ததும் ஒரு ராத்திரி அதுலதான் படுப்பேன். மணக்குமா?"

எஃபி உள்ளே பார்த்தாள். மஞ்சள் பூக்கள்.

"மணக்காது, அக்கா."

"பழசாயிருச்சா?"

"பாரம் கூடிப்போச்சு. உங்கிட்ட வர்றதுக்காக அவன் எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டான்."

போன் அறுந்துவிட்டதோ என்று எஃபி பார்த்தாள். அறுபடவில்லை.

"முழுக்கவா?"

"முழுக்க."

"போனை அவன்கிட்ட குடு," என்றாள் பிளாஞ்ச்.

ஹெட்லியின் கையெல்லாம் கிரீஸ். எஃபி குனிந்து போனை அவன் காதில் வைத்துப் பிடித்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வெகு நேரம் கேட்டான். காது சிவந்தது.

"அட, பலகைதானே, பிளாஞ்ச்," என்றான்.

மறுபடியும் கேட்டான். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"சரி, அதை விடு. நீ ஒண்ணு சொல்லு. உங்க ஊர்ப் பக்கம் ரோடு எப்படி? எத்தனை வரிசை?" என்று கேட்டான். "அப்படியா? ... ரெண்டு பக்கமும் வெறும் கோதுமையா? ... வண்டி நின்னுட்டா? ... யாராவது நிப்பாங்களா?"

பிளாஞ்ச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான், அவள் எதிரில் நிற்பதுபோல. எஃபிக்குக் கை வலித்தது. மாற்றிப் பிடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.